டெவ்லின் வீட்டு நெருப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வதுதான் முறை. ஆனால் ரொறன்ரோவில் கோயில் மண்டபத்துக்குள் கற்பூரம் கொளுத்தினால் முதலில் அலாரம் அடிக்கும், பிறகு தீயணைப்பு வண்டி வரும், அதற்குப் பிறகுதான் சாமி வரும். ஆகவே வெறுங்கையைத் தட்டிச் சத்தியம் செய்யப்படுகிறது. கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. இரண்டு இடங்களில் மட்டும், வாசகர் நம்பமாட்டார் என்பதற்காக, உண்மை கொஞ்சம் குறைக்கப்பட்டிருக்கிறது.

நகரின் கிழக்கு ஓரத்து மல்வேர்னில் கடைசி பஸ் திரும்பும் இடத்துக்கும் வடக்கே, கிடங்குகளும் புது வீட்டுத் திட்டங்களும் நெருக்கிக்கொண்டு வந்து நின்ற இடத்தில், டெவ்லின் பண்ணை இருந்தது. களஞ்சியத்தின் நெற்றியில் அந்தப் பெயர் வெள்ளைப் பெயின்ற்றில் எழுதியிருக்கும். அங்கே தனியாக இருந்தவர் றிச்சர்ட் என்ற எண்பது தாண்டிய மனிதர். மேல்மாடியையும் பின்புறத்து நான்கு ஏக்கரையும் குலசிங்கத்துக்கும் அவர் மனைவி கமலாம்பிகைக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். குலசிங்கம் முப்பது வருஷம் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்திவிட்டு, ஓய்வெடுத்த அடுத்த கிழமையே மண்வெட்டியோடு வந்து சேர்ந்தவர். மண் அப்படிப்பட்ட மண். ஒருமுறை அவர் பிடுங்கிய பீற்றூட் விட்டுப்போன குழியில் தண்ணீர் ஊறி, இரண்டு வாத்துகள் வந்து குஞ்சு பொரித்துக்கொண்டு போயின.

கீழ்த்தளத்துச் சமையலறையான குசினியில் ஓர் இரும்பு அடுப்பு. அதில் நெருப்பு அணைவதே இல்லை. பகலில் மேப்பிள் விறகு எரியும். பொழுதுபட்டால் றிச்சர்ட் தணலைக் குவித்து, சாம்பலால் மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். விடிய சாம்பலைக் கிளறினால் தணல் கண் விழித்துப் பார்க்கும்.

றிச்சர்ட் பேசியதெல்லாம் இங்கிலிஸ்தான். குலசிங்கம் அதை மனைவிக்குத் தமிழாக்கிச் சொல்லுவார். இங்கே வருவது அந்தத் தமிழாக்கம். ஆகவே றிச்சர்ட் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பிறந்தவர் போலக் கதைத்தால் அது அவருடைய குற்றமல்ல.

"உது அயர்லாந்து நெருப்பு," என்பார் றிச்சர்ட். "உருளைக்கிழங்கு அழுகின வருசம், என்ர பூட்டன் ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை அடுப்புத் தணலை ஒரு இரும்புச் சட்டியிலை எடுத்துக்கொண்டு வந்தவர். கப்பலிலை நெருப்பு வைச்சிருக்க விடமாட்டினம். பூட்டி அதைப் பாவாடைக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்தவ. மற்றச் சனமெல்லாம் குளிரிலை நடுங்க, அவ மட்டும் வேர்த்து வேர்த்து வந்தவ."

"பிறகு?" என்பா கமலாம்பிகை. அவவுக்கு இந்த இடம் பிடிக்கும்.

"பிறகென்ன, ரொறன்ரோவிலை இறங்கேக்கை, வேர்க்குது, காய்ச்சல்காரி எண்டு சொல்லிப் பிடிச்சுக் காய்ச்சல் கொட்டிலுக்குள்ளை விட்டினம். அங்கைதான் அவவுக்கு உண்மையான காய்ச்சல் பிடிச்சது. மூண்டாம் நாள் போட்டா."

இந்த இடத்தில் கமலாம்பிகை சிரித்த வாயை மூடுவா.

பூட்டன் சட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, இராணியின் அரசாங்கம் கொடுத்த காட்டுக்கு நடந்தார். மரம் வெட்டினார், வேர் கிண்டினார், கோதுமை விதைத்தார். முதல் மாரியில் ஓநாய் ஒன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஒருவரையும் கடிக்காமல், நெருப்புக்குப் பக்கத்தில் படுத்து, பனி உருகியபிறகுதான் வெளியே போனதாம். போகும்போது வாலை ஆட்டியதாம்.

"ஆனால் நெருப்பு நூந்தால் கதை வேற," என்பார் றிச்சர்ட். நூர்வது என்பது யாழ்ப்பாணத்தில் நெருப்பு அணைவதற்குச் சொல்லும் சொல். அது குலசிங்கம் போட்டது. "கூரை ஒழுகி ஒருக்கா நூந்தது. அதே நேரம் காட்டுக்குள்ளை பூட்டனுக்கு மேலை மரம் விழுந்தது. பாட்டன்ர காலத்திலை வேலைக்காரி நித்திரையாய்ப் போனாள். பாட்டனைக் காலமை தொழுவத்துக்கை பிரேதமாய் எடுத்தினம். அப்பாவின்ர முறை வெள்ளம் வந்து அடுப்புக்கை ஏறினது. நெருப்பு நூந்தால் இந்த வீட்டு ஆம்பிளை மிஞ்சுறேல்லை."

"நூந்த நெருப்பு பிறகு எப்பிடி வந்தது? அது பழைய நெருப்பு இல்லையே," என்று கமலாம்பிகை ஒருமுறை மடக்கினா.

"அயலிலை குடுத்து வைக்கிறது. அவையின்ர அடுப்பிலை எங்கட நெருப்பு எரியும். போய்த் தணல் வாங்கி வாறது." றிச்சர்ட் ஜன்னலுக்கு வெளியே, கிடங்குகளின் விளக்குகளைப் பார்த்தார். "இப்ப அயலெல்லாம் காஸ் அடுப்பு. இனி நூந்தால் எடுக்க இடமில்லை."

குலசிங்கம் பேய் பிசாசு நம்பாதவர். ஊரில் இளவயதில் வைரவர் சூலத்தில் சைக்கிளைச் சாத்திவைத்து அடி வாங்கியவர். ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு, விறகு போடும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போடுவார். ஏன் என்று கேட்டால், செருப்பு உருகிவிடும் என்பார்.

அந்த வருஷம் கார்த்திகையில், நிலம் இறுகுவதற்கு முந்திய கிழமை, றிச்சர்ட் களஞ்சியத்து ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போதும் அவர் வலி என்று சொல்லவில்லை. குலசிங்கத்தின் கையைப் பிடித்தார்.

"குலா, நெருப்பு."

"நான் பாக்கிறன்."

"நூந்திடும்."

"நூராது. நீங்கள் போட்டு வாங்கோ."

அன்றிரவு முதல் குலசிங்கமும் மனைவியும் முறைபோட்டு நெருப்பைக் காத்தார்கள். றிச்சர்ட்டின் நாய் பார்னி அடுப்பின் முன்னால் படுத்து, அவர்கள் இருவரையும் நம்பாத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய மகள் நிலாணி, ஸ்காபரோவில் றிச்சர்ட்டை வைத்திருந்த ஆஸ்பத்திரியிலேயே வரவேற்பு மேசையில் வேலை. கனடாவில் பிறந்த பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பாள். ஆனால் அவளுடைய தமிழில் சொற்கள் எல்லாம் முகத்தில் எழுதியிருக்கும் கருத்தை மட்டும் கொண்டு நிற்பவை. ஒரு காலைநேரம் தாய்க்குப் போன் எடுத்தாள். அவள் நின்ற இடத்தில் ஆயிரம் சத்தம்.

"அம்மா, றிச்சர்ட் அங்கிள் போட்டார்."

"என்ன?"

"போட்டார் அம்மா, ஜஸ்ற் நவ். நான் பிறகு எடுக்கிறன், இஞ்சை சரியான பிஸி." போன் வைத்துவிட்டாள்.

சத்திரசிகிச்சைக்கு வசதி கூடிய நகரத்து ஆஸ்பத்திரிக்கு றிச்சர்ட்டை மாற்றியிருந்தார்கள். அங்கே போய்விட்டார் என்பதை அவள் சொன்னாள். போய்விட்டார் என்பதை யாழ்ப்பாண வாய் 'போட்டார்' என்று சுருக்கும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிழவரைப் பற்றி 'போட்டார்' என்று சொன்னால், எங்கே என்று கேட்கும் யாழ்ப்பாணத்தார் இன்னும் பிறக்கவில்லை.

கமலாம்பிகை வாங்குப் பலகையில் இருந்து கொஞ்ச நேரம் அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, குழாயில் ஒரு பானை தண்ணீர் பிடித்து, அடுப்பின் கதவைத் திறந்து ஊற்றினா. செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அது அவவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்த விஷயமல்ல. மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பதில்லை அல்லவா. அடுப்பு ஒரு பெரிய மூச்சு விட்டது. குசினி முழுக்க ஈரச் சாம்பல் மணம். பார்னி எழும்பி, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, கதவருகே போய் நின்று ஊளையிட்டது.

குலசிங்கம் அப்போது தோட்டத்தில் உள்ளி நட்டுக்கொண்டிருந்தார். உள்ளியைப் பல்லுப் பல்லாக உடைத்து, கூர் மேலே பார்க்க மண்ணில் குத்தி, வைக்கோலால் மூடிவிட்டால் அது பனிக்குக் கீழே கிடந்து வைகாசியில் முளைக்கும். ஊளை கேட்டு நிமிர்ந்தவர் வீட்டைப் பார்த்தார். கூரைக்கு மேலே புகை இல்லை. கையில் இருந்த உள்ளி எங்கே விழுந்தது என்று அவருக்குப் பிறகும் தெரியவில்லை. வைகாசியில் பாதையின் நடுவே ஒன்று முளைத்தது.

"என்னப்பா நடந்தது?"

"றிச்சர்ட் போட்டாராம். பிள்ளை எடுத்துச் சொன்னவள்."

குலசிங்கம் தொப்பியைக் கழற்றினார். அடுப்பைப் பார்த்தார். "அடுப்பு?"

"நூத்துப்போட்டன். செத்தவீடெல்லே."

குலசிங்கத்துக்கும் அது சரியாகவே பட்டது. அவர் திரும்பவும் தோட்டத்துக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

செய்தி கேட்டு மத்தியானம் இரத்தினவேல் வந்தார். ஊரில் குலசிங்கத்தோடு ஒரே தெரு ஒழுங்கையில் இருந்தவர், மல்வேர்னில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். செத்தவீட்டுக்கு அயலார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று மனைவியிடம் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பருப்பும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வெள்ளைக்காரன்ர செத்தவீட்டுக்குச் சொதி கொண்டுவந்த முதல் ஆள் நான்தான் அண்ணை," என்று சட்டியை மேசையில் வைத்தார். "இதென்ன இந்தக் குளிர்! குசினிக்கை மாடு உரிச்சுத் தொங்கவிடலாம்."

"அடுப்பு நூத்தாச்சு."

"அப்ப மேலை கறண்ட் ஹீற்றர் இருக்கெல்லே, அதைப் போடுங்கோவன்."

"ஹீற்றரும் சூடுதானே, தம்பி," என்றா கமலாம்பிகை. "போடலாமோ எண்டு தெரியேல்லை."

"அக்கா, ஹீற்றர் அடுப்பிலை சேத்தியோ? அப்பிடிப் பாத்தால் பிறிட்ஜுக்குப் பின்னாலையும் சுடும். அதையும் கழட்டப்போறியளோ?"

"விசர்க்கதை கதையாதை இரத்தினவேல்," என்றார் குலசிங்கம். ஆனால் ஹீற்றரை அவரும் போடவில்லை. மூவரும் கோட்டோடும் தொப்பியோடும் இருந்து ஆறிய இடியப்பம் சாப்பிட்டார்கள். மூக்கில் இருந்து வந்த ஆவி சொதிக்கு மேலே போனது. வெளியே வானம் ஈயம்போல இறங்கி, முதல் பனித்தூள் ஜன்னலில் உராயத் தொடங்கியது.

அப்போதுதான் போன் அடித்தது. நிலாணி.

"அப்பா, அங்கிளைப் பற்றிக் கேக்கவேயில்லை நீங்கள்?"

"என்னத்தைக் கேக்கிறது, பிள்ளை. பிரேதம் எப்பத் தருவினமாம்?"

"அது இன்னும் தரேல்லை. சர்ஜரி முடியத்தான் தருவினம் எண்டு நினைக்கிறன்."

"சர்ஜரியோ? செத்த ஆளுக்கு என்னத்துக்குச் சர்ஜரி?"

"ஆர் செத்தது? வட் ஆர் யூ ரோக்கிங் அபவுட்? பிரேதம் எண்டால் ஏதோ ரிப்போர்ட் இல்லையா? அப்பா, நான் வேலை முடிஞ்சு அங்கிளுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன். இன்னும் கொஞ்சத்திலை உள்ளை கொண்டுபோகப்போகினம். உங்களோட ஒருக்காக் கதைக்கோணுமாம். குடுக்கிறன்."

குலசிங்கத்தின் காதில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு றிச்சர்ட்டின் குரல், ஓட்டைக் குழாய்க்குள்ளால் வருவதுபோல.

"குலா. நெருப்பு?"

குலசிங்கம் அடுப்பைப் பார்த்தார். அதன் கதவிடுக்கில் இருந்து கறுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வந்து, நின்று, விழுந்தது.

"எரியுது," என்றார்.

"நல்லது. எனக்குக் கொஞ்சம் பயமாய் இருந்தது," என்றார் றிச்சர்ட். போன் நின்றது.

குலசிங்கம் வாங்கில் இருக்கவில்லை, விழுந்தார். "உயிரோடை இருக்கிறார்."

"முருகா!" என்று கையெடுத்தா கமலாம்பிகை. எடுத்த கை பாதியில் நின்றது. "நான் தண்ணி ஊத்தினனான்."

"ஓம்."

"நான் அவரைச் சாக்காட்டிப்போட்டன். இப்ப வெட்டப் போகினம். நான் இஞ்சை இருந்துகொண்டு சாக்காட்டிப்போட்டன்."

"சும்மா இருமப்பா! நெருப்பும் ஆளும் ஒண்டோ? உதெல்லாம் கதை."

"கதையெண்டால் ஏன் உங்கட கால் நடுங்குது?"

"குளிரிலை."

காற்று எழும்பியது. அந்த வீட்டில் மரச்சட்டங்கள் முனகுவது வழக்கம். இத்தனை நாள் வெப்பத்தில் முனகினவை இப்போது குளிரில் வேறு குரலில் முனகின. யாரோ மேலே நடப்பதுபோல இருந்தது. பார்னி மேல்மாடியைப் பார்த்து உறுமியது. இரத்தினவேல் சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழும்பிச் சுவரோடு நின்றார்.

"மேலை ஆர் அண்ணை?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப நாய் என்னத்தைப் பாக்குது?"

"நாயைக் கேள்."

கமலாம்பிகை முழங்காலில் விழுந்து, அடுப்புக்குள் இரண்டு கையையும் விட்டா. ஈரச் சாம்பலைப் பிசைந்தா, கரிக்கட்டைகளைப் புரட்டினா. மூலையில், பானைத் தண்ணீர் எட்டாத இடத்தில், ஒரு கட்டைக்கு அடியில், அவவுடைய விரல் திடீரென்று பின்வாங்கியது.

"சுடுது! இஞ்சாருங்கோ, இஞ்சை சுடுது!"

புளியங்கொட்டை அளவு ஒரு தணல். சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். குலசிங்கம் அதைச் சிரட்டைக் கரண்டியில் எடுத்து உலர்ந்த வைக்கோலில் வைத்தார். கமலாம்பிகை ஊதினா. அது கண் திறந்தது. தோடம்பழச் செம்மஞ்சள் நிறம் ஒரு பக்கத்தால் மறுபக்கத்துக்கு ஓடியது. வைக்கோலில் ஒரு நூல் புகை.

"மெல்ல, மெல்ல. பிள்ளைக்கு ஊதுறமாதிரி ஊதும்."

"கதையாதையுங்கோ, உங்கட மூச்சுப் படுது."

மூவரும் மூச்சை அடக்கினார்கள். காற்று ஜன்னலில் மோதியது. தணல் இன்னொரு தரம் சிவந்து, அவர்களைப் பார்த்து, சாம்பல் நிறமானது. கமலாம்பிகை ஊதினா. திரும்பவும் ஊதினா. அது விரலில் ஒட்டும் தூளாய் உதிர்ந்தது.

குலசிங்கத்துக்குக் காய்ச்சல் கொட்டிலில் வேர்த்துக்கொண்டு கிடந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். ஆறு கிழமை கடலில் பாவாடைக்குள் காத்த நெருப்பு. காடு வெட்டிய கைகள் எல்லாம் குளிர்காய்ந்த நெருப்பு. யாழ்ப்பாணத்து அரியாலையில் இருந்து வந்த இரண்டு பேர் ஒரு பானைத் தண்ணீரில் முடித்துவைத்தார்கள்.

"இந்தாங்கோ," என்றார் இரத்தினவேல் மெல்ல. உள்ளங்கையில் சிகரெட் லைற்றர். பச்சைப் பிளாஸ்ரிக். அதில் ஒரு நடிகையின் படம்.

"உதாலையோ?" என்றா கமலாம்பிகை.

"வேற என்னக்கா இருக்கு? அவரை உள்ளை கொண்டுபோகேக்கை அடுப்பு வெறுமனே கிடக்கப்போகுதோ?"

குலசிங்கம் ஈரச் சாம்பலை வழித்தெடுத்தார். வைக்கோல் வைத்தார், மேப்பிள் சிராய் வைத்தார். கமலாம்பிகை சாமிப்படத்தட்டில் இருந்து கற்பூரக் கட்டி ஒன்று கொண்டுவந்தா. லைற்றர் மூன்று தரம் பொறி மட்டும் விட்டது. நான்காம் தரம், நடிகையின் தலைக்கு மேலே சுடர் எழுந்தது.

நெருப்புப் பிடித்தது. ஆனால் பயம் போகவில்லை, அது இப்போது வெளிச்சத்தில் இருந்தது. அவர்கள் போனை மேசையின் நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி இருந்தார்கள். விறகு வெடித்தால் மூவரும் துள்ளினார்கள். கமலாம்பிகை தேவாரம் சொல்லத் தொடங்கி, இரண்டாம் அடி வராமல், முதலடியையே திருப்பித் திருப்பிச் சொன்னா. இரத்தினவேல் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருந்தார். வெளியில் தனியாகப் போகப் பயம் என்று அவர் சொல்லவில்லை; வழுக்கும் என்றார்.

வெளியே இருட்டிப்போனபின், போன் அடித்தது. ஒருவரும் தொடவில்லை. கடைசியில் பார்னி குரைத்ததால் குலசிங்கம் எடுத்தார்.

"அப்பா, முடிஞ்சுது."

குலசிங்கம் கண்ணை மூடினார். "பிள்ளை, வடிவாய்ச் சொல்லு. என்ன முடிஞ்சுது? ஆர் முடிஞ்சது?"

"சர்ஜரி முடிஞ்சுது. அங்கிள் ஓகே. முழிச்சிட்டார். குடிக்க ரீ கேக்கிறார்."

கமலாம்பிகை மேசையில் தலைவைத்து, செத்ததற்கு அழுததைவிடக் கூட அழுதா.

ஆனாலும் அது முழுதாக விடவில்லை. ஒவ்வொரு நாளும், இன்றைக்குத்தான் அந்தப் போன் வரும் என்று பார்த்திருந்தார்கள். தை மாதம், பனி இடுப்பளவுக்குக் கிடக்கையில், றிச்சர்ட் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நேரே அடுப்புக்கு முன்னால் போய்க் கதிரையில் இருந்தார். கதவைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். குலசிங்கமும் மனைவியும் களவெடுத்த பிள்ளைகள்போலச் சுவரோரம் நின்றார்கள்.

"உது வேற நெருப்பு," என்றார் றிச்சர்ட்.

கமலாம்பிகைதான் முன்னால் வந்தா. தன்னுடைய உடைந்த இங்கிலிஸில், கைகளால் பாதியும் வாயால் பாதியுமாகச் சொன்னா: "நான் நூத்தன். நீங்கள் செத்துப்போனியள் எண்டு சொன்னவை. செத்த வீட்டிலை எங்கட ஆக்கள் அடுப்பு எரிக்கிறேல்லை."

றிச்சர்ட் அவவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்காகவோ நூத்தனீர்?"

"ஓம்."

"ஹீற்றரும் போடேல்லையோ?"

"இல்லை."

"அழுதனீரோ?"

"அழுதனான். இவரும் அழுதவர். தோட்டத்திலை அங்காலை திரும்பி நிண்டு அழுதவர், நான் ஜன்னலாலை பாத்தனான்."

"நான் உள்ளியெல்லே நட்டனான்," என்றார் குலசிங்கம்.

றிச்சர்ட் தாடையைத் தடவினார். அவர் எழும்பி, மேலே இருப்பதையெல்லாம் கட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ என்று சொல்லப்போகிறார் என்று குலசிங்கம் நினைத்தார். பனிக்குள் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது, நிலாணியின் அப்பார்ட்மென்ற்றில் மண்வெட்டியை எங்கே வைப்பது என்பதுவரை யோசித்துவிட்டார்.

"அப்ப நான் செத்தாச்சு," என்றார் றிச்சர்ட். "அந்த அலுவல் முடிஞ்சுது. இனிப் பயமில்லை." பிறகு கேட்டார்: "என்ர செத்தவீட்டுக்கு என்ன சாப்பாடு?"

கமலாம்பிகை அந்த அடுப்பிலேயே இடியப்பம் அவித்து, சொதி வைத்துக் கொடுத்தா. றிச்சர்ட் மூன்று தரம் போடுவித்துச் சாப்பிட்டார். சொதியைக் கோப்பையோடு தூக்கிக் குடித்தார். "நல்ல செத்தவீடு," என்றார்.

பொழுதுபட்டதும், நடைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு, லைற்றரில் பிறந்த தணலைக் குவித்து, சாம்பலை அள்ளி மூடினார். மூடும்போது தலையைக் குனிந்து, வழக்கம்போல ஒருவருக்கும் விளங்காத பாஷையில் முணுமுணுத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் குசினியில் சொல்லப்பட்டுவரும் அயர்லாந்து மந்திரம் என்று எண்ணி, குலசிங்கமும் கமலாம்பிகையும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

றிச்சர்ட் பிறந்து வளர்ந்தது மத்தியதரைக் கடலின் மால்ட்டாத் தீவில். அந்தப் பண்ணையை, களஞ்சியத்துப் பெயரையும் அடுப்பையும் சேர்த்து, 1979ஆம் ஆண்டு பத்திரிகை விளம்பரம் பார்த்து வாங்கினார்.